அறிவுரை எண் 217

லிஃப்ட் பழுது பார்க்கிறவன் மாடிப்படியில் நாக்குத் தள்ளி உட்கார்ந்திருப்பதைவிடக் கேவலமான காட்சி ஒன்று இருக்க முடியாது. அந்தக் காட்சியை ஒரு திங்கட்கிழமை காலை, பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் ஏழாவது மாடியில் நான் இலவசமாக நடத்திக் காட்டினேன்.

எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை உடல்தகுதிச் சோதனை உண்டு. பன்னிரண்டு கிலோ கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பன்னிரண்டு மாடி ஏற வேண்டும். ஆறு நிமிஷம். நடுவில் நிற்கலாம், உட்காரக் கூடாது. நான் ஏழாவது மாடியில் அந்தப் பையையே முக்காலியாகப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பின்னாலேயே ஏறிவந்த பாதுகாப்பு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு மூச்சுகூட வாங்கவில்லை. ஒரு வீட்டுக் கதவு திறந்து ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். தண்ணீர் கொடுத்தார். என் சட்டையில் தைத்திருந்த கம்பெனி பெயரைப் படித்துவிட்டு, லிஃப்ட்தான் ஓடுகிறதே, அதில் போகக் கூடாதா என்று பரிவோடு கேட்டார்.

மூன்று மாதத் தவணை கொடுத்தார்கள். அதிலும் தேறாவிட்டால் புகார்த் தொலைபேசியில் உட்கார வேண்டும். "வணக்கம், எந்த மாடியில் சிக்கியிருக்கிறீர்கள்" என்று நாள் முழுக்கக் கேட்கிற வேலை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களை இருபத்திரண்டு வருஷமாகக் கிண்டல் செய்து வந்திருக்கிறேன் என்பது ஒரு பக்கம். உண்மையான பயம் வேறு. கட்டடத்தின் உச்சியில் இயந்திர அறை என்று ஒன்று இருக்கிறது. எண்ணெய் வாசனை, சக்கரம் சுற்றுகிற சத்தம், ஒரு சின்ன ஜன்னல். அங்கே என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். எனக்கு இந்த உலகத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். அதை என்னிடமிருந்து பிடுங்கிவிடுவார்களே என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டில் சொன்னேன். என் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். எதையும் சீட்டில் எழுதியிருக்கிற மாதிரி சுருக்கமாகச் சொல்லுவாள்.

"காலையில எழுந்து ஓடுங்க."

"எப்படி ஓடறது?"

"ஒரு கால். அப்புறம் இன்னொரு கால்."

அவள் சொன்னபடி கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நான் எதையும் முறைப்படி செய்கிறவன். முறையாகக் கற்றுக்கொள்ளாமல் ஓடினால் முட்டி போய்விடும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. மறுநாளே வைகறை ஓட்டக் கழகத்தில் சேர்ந்தேன்.

கழகத்தின் அலுவலகம் பூங்காவுக்கு எதிரே ஒரு கட்டடத்தில் ஐந்தாவது மாடி. உறுப்பினர்கள் எல்லோரும் லிஃப்டில்தான் போவார்கள். நானும் லிஃப்டில்தான் போனேன் என்பதால் அதைப் பற்றி மேற்கொண்டு பேச எனக்கு அருகதை இல்லை. விண்ணப்பத்தில் பெயர், வயது, முகவரிக்குக் கீழே "இதுவரை பெற்ற அறிவுரைகள்" என்று அரைப் பக்கம் விட்டிருந்தார்கள். "இல்லை" என்று எழுதினேன். தலைவர் அதைப் படித்துவிட்டு, பெற்றோர் இல்லாத பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

தலைவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருஷமாக முட்டிவலி. செயலாளர் பல் மருத்துவர். எதிராளி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடக்கும்போது பேசிப் பழகியவர். இருவருமாக எனக்கு ஒரு தடித்த பதிவேட்டைக் காட்டினார்கள். கழகம் தொடங்கிய நாளிலிருந்து உறுப்பினர்கள் வழங்கிய மறக்க முடியாத பயிற்சி அறிவுரைகள், எண்ணிட்டு, வழங்கியவர் யார் என்ற விவரத்தோடு. மொத்தம் இருநூற்றுப் பதினாறு. புதிய உறுப்பினர் அவ்வளவையும் கேட்டு முடித்த பிறகே ஓடலாம். நாளைக்கு ஐந்து வீதம் விளக்கம் உண்டு. எந்த அறிவுரையை எடுத்துச் சொன்னாலும் எண்ணையும் சொன்னவரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அது கழக விதி.

காலை ஐந்தரைக்குப் பூங்கா வாசலில் கூடுவோம். நாற்பத்திரண்டு பேர். எல்லோரும் ஓடுகிற உடையில், ஓடுகிற காலணியில், கையில் துடிப்பைக் காட்டுகிற கடிகாரத்தோடு நிற்பார்கள். தலைவர் விளக்கத் தொடங்குவார். ஆறே முக்காலுக்கு முடிப்பார். அதற்குள் வெயில் வந்துவிடும். வெயில் ஏறிய பின் ஓடக் கூடாது என்பது அறிவுரை எண் முப்பத்தொன்று. ஆகவே கலைந்துவிடுவோம். ஒன்பது வருஷமாக இப்படித்தான் நடக்கிறது என்றும், இந்தக் காலத்தில் கழகத்தில் ஒருவருக்குக்கூடக் காயம் ஏற்பட்டதில்லை என்றும் செயலாளர் பெருமையோடு சொன்னார்.

அறிவுரைகள் ஒவ்வொன்றும் நல்ல அறிவுரைதான். அதைச் சொல்லியாக வேண்டும். நான்காவதை எடுத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிந்தால் அதுவே சரியான வேகம். கழகம் இதைப் பல வருஷம் ஆராய்ந்து, பேச்சு மிகத் தெளிவாக வருவது நிற்கும்போதுதான் என்று கண்டுபிடித்திருந்தது. ஒன்பதாவது, பந்தய நாளில் புதிதாக எதையும் அணியாதே. இதை மதித்து ஒருவர் ஏழு வருஷமாக அதே காலுறையில் வந்துகொண்டிருந்தார், அவர் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டு நிற்போம். பன்னிரண்டாவது, ஓய்வும் ஒரு பயிற்சியே. இதைத் தலைவரே வழங்கினார். கழகத்தில் மிக அதிகமாகக் கடைப்பிடிக்கப்படுவது இதுதான். மூச்சு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை இல்லை. இரண்டு காலடிக்கு இழுத்து மூன்று காலடிக்கு விட வேண்டும் என்பவர்கள் வாசலுக்கு இடது பக்கமும், மூன்றுக்கு இழுத்து இரண்டுக்கு விட வேண்டும் என்பவர்கள் வலது பக்கமும் நிற்பார்கள். ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருவர் போவதில்லை.

உறுப்பினர்களில் ஒரே ஒருத்தர் மட்டும் ஓடுவார். தபால்காரம்மா. தபால் அலுவலகத்தில் ஏழு மணிக்கு வேலை. நாங்கள் வருவதற்கு அரைமணி முன்பே வந்து, நாங்கள் நிற்கும்போதும் சுற்றிச் சுற்றி ஓடிவிட்டு, எங்களுக்கு ஒரு தலையசைப்போடு சைக்கிளில் போய்விடுவார். வருஷத்துக்கு ஓர் அறிவுரையாவது வழங்காத உறுப்பினர் என்று அவருக்கு நோட்டீஸ் போயிருந்தது. நான் சேர்ந்த வாரம்தான் விசாரணை. எப்படிப் பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "ஓடறேங்க" என்றார். வேறென்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். யோசித்துவிட்டு, "மறுநாளும் ஓடறேங்க" என்றார். பதில் திருப்திகரமாக இல்லை என்று செயலாளர் எழுதிக்கொண்டார். நானும் தலையை ஆட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் தலைவர் எண் ஐம்பத்தெட்டை விளக்கிக்கொண்டிருந்தார். காலணி நாடாவின் இரண்டாவது முடிச்சைப் பற்றியது. தபால்காரம்மா மூன்றாம் முறையாக எங்களைத் தாண்டிப் போனார். எனக்கு என்ன ஆயிற்றோ, தவணையில் பன்னிரண்டு நாள் போய்விட்டதே என்ற பதைப்போ, கால் தானாகக் கிளம்பிவிட்டது. அவர் பின்னால் ஓடினேன். முதல் விளக்குக் கம்பம் வந்தது, இரண்டாவது வந்தது. மூன்றாவது கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் பூச்சி பறந்தது. கழகம் முழுவதும் நடந்து என்னிடம் வந்து சேர சரியாக நாலு நிமிஷம் ஆனது.

என்ன யோசனையில் ஓடினாய் தம்பி என்று தலைவர் கேட்டார். எந்த யோசனையும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மானம் காக்க வேண்டுமே என்று வாயைக் கொடுத்தேன்.

"அடுத்த கம்பம் வரைக்கும் போதும்னு நெனச்சேன் ஐயா. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்னு."

பல் மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தலைவர் பதிவேட்டைத் திறந்து, என் முதுகையே மேசையாக வைத்து எழுதினார். அறிவுரை எண் இருநூற்றுப் பதினேழு: அடுத்த கம்பம் வரைக்கும் போதும். இடது பக்கத்தவரும் வலது பக்கத்தவரும் சேர்ந்து கைதட்டியது அன்றைக்குத்தான் முதல் தடவையாம்.

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது. அதற்கு முன் நான் சொன்ன எதையும் யாரும் எழுதி வைத்ததில்லை, என் மனைவி கடைக்கு எழுதுகிற சாமான் பட்டியலைத் தவிர, அதிலும் நான் சொல்வதில் பாதியை அடித்துவிடுவாள். அன்று வீட்டில் மூன்று தடவை அந்த அறிவுரையைச் சொல்லிக் காட்டினேன். மூன்றாவது தடவை அவள், "சரி, நாலாவது கம்பத்துக்குப் போனீங்களா?" என்று கேட்டாள். இந்தப் பெண்களுக்குத் தத்துவம் புரியாது என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

அடுத்து வந்த இரண்டு மாதம் என் வாழ்க்கையிலேயே பரபரப்பான காலம். கம்பங்களுக்கு இடையில் தூரம் ஒரே அளவாக இருக்கிறதா என்று ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள். தலைவர் பழைய அளவு நாடாவை எடுத்து வந்து பூங்கா முழுக்க அளந்தார். சில இடத்தில் முப்பத்தொரு மீட்டர், சில இடத்தில் இருபத்தெட்டு. இந்த அநியாயத்தைப் பற்றி நகர நிர்வாகத்துக்குக் கடிதம் போயிற்று. விளக்கு எரியாத கம்பம் கம்பமாகுமா என்பதில் மட்டும் மூன்று கூட்டம் நடந்தது. எரிகிறதோ இல்லையோ கம்பம் கம்பம்தான் என்று நான் எழுந்து தீர்ப்பு சொன்னேன். அதை எண் 217-இன் உட்பிரிவாகச் சேர்த்துக்கொண்டார்கள். கம்பத்தில் கைவைத்து, தொலைவில் பார்வையைச் செலுத்தி நிற்கிற என் படத்தோடு துண்டுப் பிரசுரம் வந்தது. ஐந்தாவது மாடியில் எனக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் தலைவர் பேசியது இன்னும் என் காதில் இருக்கிறது.

"சில பேர் கேக்கறாங்க, ஓட்டக் கழகத்துல ஏன் யாரும் ஓடலைன்னு. நான் அவங்களைத் திருப்பிக் கேக்கறேன். ஓடறவன் எதைக் கவனிக்க முடியும்? அவன் மூச்சைப் பாப்பானா, அடுத்தவன் தப்பைப் பாப்பானா? ஒருத்தன் ஒழுங்கா ஓடணும்னா பக்கத்துல ஒருத்தர் நின்னு சொல்லணும். இந்த ஊர்ல வேற எந்தக் கழகத்துலயும் சொல்றதுக்கு நாப்பத்தி ரெண்டு பேர் கிடையாது. ஓடறதுக்கு ஆள் வேணும்னா நாளைக்கே கிடைப்பாங்க."

நான் எல்லோருக்கும் முன்னால் கைதட்டினேன். கூட்டம்தோறும் தேநீரும் பிஸ்கட்டும் உண்டு. என் இடுப்புவாரில் ஒரு துளை முன்னேறியது. தலைக்கனமும் ஏறிவிட்டது. ஒருநாள் தபால்காரம்மாவை நிறுத்தி, கையை ரொம்ப மேலே தூக்கி ஓடுகிறீர்கள், எண் எழுபத்தாறைப் பாருங்கள் என்று சொன்னேன். "சரிங்க" என்று சொல்லிவிட்டுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு ஓடிப்போனார். நான் மூன்று கம்பம் ஓடியவன், அவர் எத்தனை ஆயிரம் கம்பம் ஓடியவரோ. அதை நினைத்தால் இப்போதும் எங்காவது போய் முகத்தை மூடிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சோதனைக்கு மூன்று வாரம் இருக்கும்போது குடிநீர் கேன் வந்தது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஊரெல்லாம் லிஃப்டைத் தூக்கி நிறுத்துகிறவனுக்குக் கிடைத்த வீடு அப்படி. இருபது லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடி வரை வந்து, கேன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி இறங்கி வந்தாள். என்னை எழுப்பி நிறுத்திவிட்டு, கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். ஏறிக்கொண்டே சொன்னாள்:

"கம்பம் வரைக்கும் போதும்னு சொன்னவர் நீங்கதானே? இந்தப் படியில ஒண்ணு நட்டு வைக்கட்டுமா?"

அவள் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சிரிக்கவில்லை. புகார்த் தொலைபேசி நாற்காலி என் கண் முன்னால் வந்து நின்றது.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே பூங்காவுக்குப் போனேன். தபால்காரம்மாவிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். "பின்னாடி வாங்க, பேசாதீங்க" என்றார். அவ்வளவுதான் பயிற்சி. பின்னால் ஓடினேன். மூன்றாவது கம்பத்தில் உயிர் போயிற்று. நான் சொன்ன அறிவுரையை நானே முதல்முறையாக எனக்குச் சொல்லிப் பார்த்தேன். அடுத்த கம்பம் வரைக்கும் போதும். நாலாவது வந்தது. மறுபடியும் சொன்னேன். ஐந்தாவது வந்தது. அடப்பாவி, இது வேலை செய்கிறதே என்று எனக்கே திகைப்பாகிவிட்டது.

ஐந்து இருபத்தைந்துக்கு ஓட்டத்தை நிறுத்தி, குழாயில் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, ஐந்தரைக்கு வாசலில் ஒன்றும் தெரியாதவன்போல நின்றுவிடுவேன். ஓட்டக் கழகத்துக்குத் தெரியாமல் ஓடுகிறவனாகிவிட்டேன். இரண்டு வாரம் தப்பித்தேன். பதினைந்தாம் நாள் என் காதோரம் வியர்வை வழிந்ததைச் செயலாளர் பார்த்துவிட்டார். எத்தனை கம்பம் என்று கேட்டார், வாய் தவறி இருபத்தாறு என்று சொல்லிவிட்டேன்.

நோட்டீஸ் வந்தது. அறிவுரை எண் 217-ஐ வழங்கியவர், அடுத்த கம்பத்தோடு போதும் என்று கழகத்துக்குக் கூறிவிட்டு, தான் மட்டும் தொடர்ந்து இருபத்தாறு கம்பங்கள் ஓடியதாகத் தெரிய வருகிறது; தன் அறிவுரையைத் தானே மீறியதற்கு நேரில் விளக்கம் தர வேண்டும். அவர்கள் குறித்திருந்த நாள் என் சோதனை நாள். வர முடியாது, வேலையே போகிற விஷயம் என்று மன்றாடினேன். தலைவர் பெருந்தன்மையோடு தீர்வு சொன்னார். விசாரணைக் குழுவே கட்டடத்துக்கு வரும். நான் ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் தேவையான அறிவுரைகளை வழங்கும். உச்சியில் விசாரணை நடக்கும்.

அதே கட்டடம். அதே பாதுகாப்பு அதிகாரி. கீழே பதினொரு பேர் ஓட்ட உடையில் நின்றிருந்தார்கள். இவர்கள் யார் என்று அதிகாரி கேட்டார். என் கழகம் என்றேன். படியில் ஏறுவார்களா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் பதினொரு பேரும் லிஃப்டுக்குள் போய்விட்டார்கள். எட்டுப் பேர் போகிற லிஃப்ட். எடை கூடினால் அடிக்க வேண்டிய மணி அடிக்கவில்லை. அந்த மணியைச் சரிசெய்யாமல் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று குறிப்பு எழுதி வைத்த மகானுபாவன் நான்தான்.

கடிகாரத்தை அழுத்தினார்கள். ஏறினேன். முதல் மாடி, இரண்டாவது, மூன்றாவது மாடிகளில் லிஃப்ட் கதவு திறந்து பதினொரு தலை தெரிந்தது. தோளைத் தளர விடு, எண் பதினெட்டு. பார்வை நேராக இருக்கட்டும், எண் நாற்பது. இரண்டுக்கு இழு என்றார் ஒருவர். மூன்றுக்கு என்றார் இன்னொருவர். ஆறாவது மாடி ஏறும்போது மேலே மோட்டார் முனகி நின்றது எனக்குக் கேட்டது. இருபத்திரண்டு வருஷக் காது அது. பதினொரு பேரும் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

ஏழாவது மாடியில் நான் போன தடவை உட்கார்ந்த அதே இடம். பை தோளை அறுத்தது. உட்கார்ந்துவிடலாம் என்று முட்டியை மடக்கியும்விட்டேன். சுவருக்குள்ளிருந்து தலைவர் குரல் வந்தது. "தம்பி, நாங்க மாட்டிக்கிட்டோம். நீ பதட்டப்படாதே. முதல்ல எண் நாலு..." பக்கத்திலேயே இரண்டா மூன்றா என்று சண்டை. அந்தச் சத்தத்தை விட்டு விலகினால் போதும் என்றிருந்தது. அடுத்த மாடி வரைக்கும் போதும் என்று சொல்லிக்கொண்டு ஏறினேன். எட்டாவதில் குரல்கள் காலுக்குக் கீழே போயின. ஒன்பதாவதில் முணுமுணுப்பாயிற்று. பத்தாவதில் ஒன்றுமே கேட்கவில்லை. என் மூச்சு மட்டும் கேட்டது. இரண்டுக்கு இழுத்து எத்தனைக்கு விட்டேன் என்று தெரியாது. பதினொன்று. பன்னிரண்டு.

அதிகாரி கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே காட்டினார். ஐந்து நிமிஷம் ஐம்பத்தொரு வினாடி. அவருக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கியது என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நான் இயந்திர அறையைத் திறந்தேன். எண்ணெய் வாசனை வந்தது. சின்ன ஜன்னலுக்கு வெளியே, கீழே பூங்காவும் அதன் கம்பங்களும் பொம்மை மாதிரி தெரிந்தன. கருவிப் பையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். இப்போது உட்காரலாம், யாரும் கேட்க முடியாது.

மோட்டார் சக்கரத்தைக் கையால் சுற்றி லிஃப்டை ஒரு மாடிக்குக் கொண்டுவர எனக்கு மூன்று நிமிஷம் போதும். அதிகாரி சக்கரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே ஆட்கள் இருக்கிறார்களே என்றார். காற்றோட்டம் இருக்கிறது, விளக்கு எரிகிறது, ஒரு ஆபத்தும் இல்லை என்றேன். அதற்குள் சுவரில் மாட்டியிருந்த லிஃப்ட் தொலைபேசி ஒலித்தது. எடுத்தேன். தலைவர்.

"தம்பி, மேல போய்ச் சேந்துட்டியா? எங்களை இன்னும் ஏன் இறக்கலை? அங்க என்ன பண்ணிட்டிருக்கே?"

கழக விதிப்படி, எண்ணையும் சொன்னவரையும் சேர்த்தே சொன்னேன்.

"ஓய்வும் ஒரு பயிற்சியே ஐயா. அறிவுரை எண் பன்னெண்டு. வழங்கியவர், தலைவர்."